கடாரத்துக் கரையில் ஒரு சின்ன காட்சிக்கூடம்

கொஞ்சம் நீளமான பதிவு. மாசி மகத்துக்கு முன்னால் சொல்லிவிட வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன பள்ளி விடுமுறையில் நம் ஆலயத் தேவார வகுப்புப் பிள்ளைகளைப் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனோம். இரண்டு வேன், 22 பிள்ளைகள், தொண்டர்கள் ஐந்து பேர். மெர்போக்கில் இருக்கும் அருங்காட்சியகத்தையும் புக்கிட் பத்து பஹாட் கோயில் அடித்தளத்தையும் காட்டினோம். இதுதான் பழைய கடாரம், 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்தது இந்தப் பக்கம்தான் என்று சொன்னதும் பையன்களுக்கு ஒரே உற்சாகம். சண்டை மட்டும் இல்லை, உறவும் இருந்தது என்பதையும் சொன்னேன். ராஜேந்திரனின் அப்பா ராஜராஜன் காலத்தில், கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தக் கோயிலைக் கட்டினார். அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே மானியமாகக் கொடுத்தார். செப்பேட்டில் இருக்கிற செய்தி இது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நாகப்பட்டினமும் நம்ம கெடாவும் எதிர்வீடு மாதிரி. நடுவில் கடல்தான் தெரு.

திரும்பும் வழியில் இன்னும் நேரம் இருந்தது. கோத்தா கோலா மூடா பக்கத்தில்தானே, கடலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் வேன் ஓட்டிய அண்ணன். அங்கேதான் அந்த சுனாமி நினைவிடமும் காட்சிக்கூடமும் இருக்கின்றன. இருபது வருஷமாக நான் அந்தப் பக்கம் போனதில்லை. ஏன் போகவில்லை என்று பிறகு சொல்கிறேன்.

பெரிய இடம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். வெளியே, அலை உடைத்துப் போட்ட மீன்பிடிப் படகுகளையே அடுக்கி நினைவுச் சின்னம் ஆக்கியிருக்கிறார்கள். பளிங்கு இல்லை, சிலை இல்லை. சாயம் பூசிய பலகைப் படகுகள், அவ்வளவுதான். அலை புகுந்த வீட்டை இடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். உள்ளே படங்களும் சேதமான பொருள்களும். நிதானமாகப் பார்த்தாலும் அரை மணி நேரம் ஆகாது. பிள்ளைகள் வேகமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே ஓடிவிட்டார்கள். படிவம் ஒன்று படிக்கும் ஒரு பெண் பிள்ளை மட்டும் என் பக்கத்தில் நின்று, "மாமா, இது இந்தோனேசியாவுல தானே நடந்துச்சு? நம்ம ஊர்லயுமா?" என்று கேட்டது.

அந்தக் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது 2004 டிசம்பர் 26. மார்கழி மாதம், ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. நம்ம நேரப்படி காலை 9 மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது, சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கு அடியில் பூமி உடைந்தது. 9.1 அளவு. உடைந்த நீளம் மட்டும் 1,200 கிலோமீட்டருக்கு மேல். பினாங்கில் அடுக்குமாடி வீடுகளில் இருந்தவர்கள் கட்டடம் ஆடியதை உணர்ந்தார்கள். ஆட்டம் நின்றதும் பலரும் மறந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, பள்ளி விடுமுறை வேறு. கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகிற நாள்.

ஆச்சேவுக்கு அரை மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை, அலை வந்துவிட்டது. அங்கே மட்டும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள். இலங்கையில் 30,000 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர். அதில் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டம். மொத்தம் 14 நாடுகள், இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். மலேசியாவில் 68 பேர். அதில் பினாங்கில் 52, கெடாவில் 12, பேராக்கில் 3, சிலாங்கூரில் 1. சுமத்ரா தீவு நமக்கு மதில் மாதிரி முன்னால் நின்றது. அதனால்தான் நம் கணக்கு 68-ஓடு நின்றது. இறந்தவர்களில் பலர் பினாங்கின் மேற்குக் கரையில் விடுமுறைக்குப் போன குடும்பங்கள், பிள்ளைகள்.

இப்போது நான் சொல்லப் போகும் கணக்கைக் கவனமாகப் பாருங்கள். காட்சிக்கூடத்தில் நின்றபோது என்னைப் போட்டுக் குடைந்தது இதுதான்.

நிலநடுக்கம் தொடங்கிய இடத்திலிருந்து கோலா மூடா நேர்க்கோட்டில் சுமார் 550 கிலோமீட்டர். நாகப்பட்டினம் சுமார் 2,000 கிலோமீட்டர். ஆனால் அலை முதலில் போய்ச் சேர்ந்தது தமிழ்நாட்டுக்கு. அங்கே காலை 9 மணி வாக்கில் அடித்தது. நம்ம நேரம் 11.30. நமக்கு வந்தது மதியம் 1 மணிக்கு மேல்.

எப்படி? சுனாமி அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. வங்காள விரிகுடா போல 4,000 மீட்டர் ஆழம் உள்ள இடத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில், விமானம் மாதிரிப் போகும். ஆழம் 50 மீட்டராகக் குறைந்தால் வேகமும் மணிக்கு 80 கிலோமீட்டராகக் குறைந்துவிடும், நெடுஞ்சாலையில் லோரி போகிற மாதிரி. நம்ம மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. அதுவும் இல்லாமல் அலை சுமத்ராவின் வடக்கு முனையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அதனால்தான் பக்கத்தில் இருந்தும் நமக்குத் தாமதமாக வந்தது. நாகப்பட்டினத்தில் அடித்ததற்கும் நம் கரையில் அடித்ததற்கும் இடையில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் இருந்தது. நிலநடுக்கத்திலிருந்து கணக்குப் போட்டால் நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு கிராமத்தையே மாட்டு வண்டியில் ஏற்றிக்கூடக் காலி செய்திருக்கலாம்.

செய்யவில்லை. அப்போது இந்தியப் பெருங்கடலுக்கு சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது. பசிபிக் பெருங்கடலுக்குத்தான் இருந்தது, ஹவாயில். அரசாங்கங்களுக்கே தெரியாதபோது நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அன்றைக்கு அதிகாலை திருவெம்பாவை பூஜை முடிந்து, வீட்டுக்கு வந்து பசியாறிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் 12 மணி தாண்டியிருக்கும், தஞ்சாவூரிலிருந்து என் சித்தப்பா மகன் போன் செய்தார். எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கியவர். அந்தப் பக்கம் இன்னும் சொந்தம் இருக்கிறது. "அண்ணே, நாகையில கடல் ஊருக்குள்ள பூந்துடுச்சு. சனம் எல்லாம் போச்சுங்கறாங்க" என்று அழுதார். அம்மா கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் சாமி அறையில் விளக்கேற்றி, அங்கே இருக்கிற சொந்தங்களுக்காக வேண்டிக்கொண்டோம்.

என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, அன்று காலை கோலா மூடா ஆற்று முகத்தில் தூண்டில் போடப் போயிருந்தார். எனக்குத் தெரியும். அவர் கையில் கைத்தொலைபேசி இருந்தது. அதுவும் தெரியும். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நாகப்பட்டினத்துக்காக ஐந்து பேரும் அழுதோம். அந்தக் கடலும் மச்சான் கால் நனைத்து நிற்கிற கடலும் ஒன்றுதான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை.

மாலை 5 மணிக்கு மச்சான் வந்தார். இடுப்பு வரை சேறு, ஒரு காலில் மட்டும் செருப்பு. மோட்டார் சைக்கிள் போய்விட்டது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் கடலைப் பார்த்துவிட்டு, "லாரி! லாரி!" என்று கத்திக்கொண்டே ஓடினாராம். ஏன் எதற்கு என்று கேட்காமல் இவரும் பின்னால் ஓடியிருக்கிறார். அந்தப் பெரியவர் கத்தியதால்தான் எனக்கு இன்றைக்கு மச்சான் இருக்கிறார். என் போனால் இல்லை. இருபது வருஷம் அந்தக் கரைக்கு நான் போகாததற்குக் காரணம் இதுதான். அவரே மறந்துவிட்டார், எனக்குத்தான் முடியவில்லை.

கோலா மூடாவில் ஒரு விசேஷம் உண்டு, உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே மீன் ஏலத்துக்குப் பாசார் பீசிக் என்று பெயர், கிசுகிசுச் சந்தை. வாங்க வருகிறவர் ஏலம் விடுகிறவர் காதில் மட்டும் விலையைச் சொல்வார், அடுத்தவருக்குக் கேட்காது. சுனாமிக்குப் பிறகும் அந்தச் சந்தை நின்றுவிடவில்லை. படகு போனவர்கள் மறுபடியும் படகு பிடித்தார்கள், கடலுக்குப் போனார்கள். வீடு இழந்தவர்களுக்கு அரசாங்கம் புது வீடுகள் கட்டிக் கொடுத்தது. விலையைக் காதோடு காதாகச் சொல்லும் ஊரில், அன்றைக்கு ஒருவர் வாய்விட்டுக் கத்தியது மச்சானைக் காப்பாற்றியது.

நாடுகளும் பாடம் கற்றுக்கொண்டன. நம் வானிலை ஆய்வுத் துறை 2005-இல் சுனாமி எச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. கரையோரங்களில் சங்கு வைத்தார்கள். இந்தியப் பெருங்கடல் நாடுகள் சேர்ந்து 2006-லிருந்து ஒரு பொது அமைப்பை உருவாக்கின. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ரா பக்கம் 8.6 அளவில் மறுபடி ஆடியபோது, நம் வட மாநிலங்களுக்கு எச்சரிக்கை வந்தது, கரையில் இருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். நல்லவேளை, பெரிய அலை வரவில்லை. அலையின் வேகத்தை உடைக்கும் கண்டல் மரங்களை நடும் திட்டமும் வந்தது. அதற்கு முன்னாலேயே, 1990களின் இறுதியிலிருந்தே, பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கம் தன் முயற்சியில் கண்டல் கன்றுகளை நட்டு வந்திருக்கிறது. ஆச்சேவில் ஏறக்குறைய முப்பது வருஷம் நடந்த உள்நாட்டுச் சண்டைகூட, 2005 ஆகஸ்ட் 15-இல் ஹெல்சின்கியில் போட்ட ஒப்பந்தத்தோடு நின்றது. அவ்வளவு பிணங்களைப் புதைத்த பிறகு யாருக்கும் சண்டை போடத் தெம்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று இருக்கிறது. சிமெலூ என்று ஒரு தீவு. நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருக்கும் தீவு அது. அலை முதலில் அடித்த இடங்களில் ஒன்று. அங்கே அன்று இருந்தவர்கள் சுமார் 78,000 பேர். இறந்தவர்கள் 7 பேர். சங்கு கிடையாது, செயற்கைக்கோள் கிடையாது. 1907-இல் அந்தத் தீவை ஒரு பேரலை அடித்து நிறையப் பேரைக் கொண்டுபோயிருக்கிறது. தப்பித்தவர்கள் அதற்கு ஸ்மோங் என்று பெயர் வைத்து, கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். பூமி பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், மலைக்கு ஓடு. சங்கதி அவ்வளவுதான். கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து ஒருவர் "ஸ்மோங்!" என்று கத்தியதும் ஊரே மலையேறிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பக்கம் வெட்கமாகக்கூட இருந்தது. ஏனென்றால் இதற்கு நம்மிடம் வார்த்தை இல்லாமல் இல்லை. கடல்கோள் என்ற சொல் நம்முடையது. பழைய தமிழ்ச் சங்கங்களைக் கடல் கொண்டது என்று பள்ளியில் படித்தோம். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட கதை மணிமேகலையில் இருக்கிறது. அரசன் இந்திர விழா எடுக்காமல் விட்டதால் மணிமேகலா தெய்வத்தின் சாபம் பலித்தது என்று வரும். அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம், திருவிழாவை நிறுத்தக்கூடாது என்பது. நல்லதுதான், நானும் அதை நம்புகிறவன். ஆனால் கடல் உள்வாங்கினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓட வேண்டும் என்று நம்ம பாட்டி யாரும் சொல்லித் தரவில்லை. சிமெலூ பாட்டிகள் சொல்லித் தந்தார்கள்.

இப்போது நம் ஆலய விஷயத்துக்கு வருகிறேன்.

மாசி மகத்துக்கு நாம் உற்சவரைக் கடற்கரைக்குக் கொண்டுபோகிறோம். தெலுக் பஹாங்கில் தெப்பம் பார்க்க எவ்வளவு கூட்டம் சேரும் என்று போனவர்களுக்குத் தெரியும். நம்முடையது அவ்வளவு பெரியது இல்லை என்றாலும், ஒரே நேரத்தில் ஆயிரம் பேராவது மணலில் நிற்கிறோம். வயதானவர்கள், கைக்குழந்தைகள், நாற்காலியில் வருகிறவர்கள். எல்லார் கண்ணும் சாமி மேல் இருக்கும். மேள சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க ஒருத்தர்கூட இல்லை.

போன நிர்வாகக் கூட்டத்தில் நான் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, டிசம்பர் 26 அன்று இறந்த அந்த 68 பேருக்கும், நாகை மக்களுக்கும், மற்ற எல்லாருக்கும், இன மத வித்தியாசம் பார்க்காமல் ஒரு மோட்ச தீபம் ஏற்ற வேண்டும். உடனே சரி என்றார்கள். இரண்டாவது, மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்கு முன்னால் ஒலிபெருக்கியில் ஒரு நிமிடம் பாதுகாப்பு அறிவிப்புச் செய்ய வேண்டும், கடலைக் கவனிக்கத் தொண்டர்கள் இரண்டு பேரை நிறுத்த வேண்டும். இதற்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. நான் மிகவும் மதிக்கும் பெரியவர் ஒருவர், "தம்பி, சாமி தீர்த்தமாட வர நேரத்துல சாவு பேச்சு எதுக்கு? அம்மன் பாத்துக்குவா" என்றார். மற்றவர்களும் பேசாமல் இருந்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள்.

பெரியவர் சொன்னதில் தப்பு இல்லை. மங்கல காரியத்தில் மங்கலமாகப் பேச வேண்டும் என்பது நம் மரபு. அம்மன் பார்த்துக்கொள்வாள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அம்மன் எப்படிப் பார்த்துக்கொள்வாள்? என் மச்சானுக்கு வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் வாயில் வந்தாள் என்றுதான் நான் நம்புகிறேன். என்னிடமும் 12 மணிக்குப் போனில் வந்தாள். எனக்குத்தான் புரியவில்லை. யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் வருஷத்துக்கு இரண்டு முறை தீ ஒத்திகை நடக்கும். மணி அடித்ததும் லைனை நிறுத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து வரிசையில் நிற்க வேண்டும். நான் தலை எண்ண வேண்டும். இத்தனை வருஷத்தில் தீப்பிடித்ததே இல்லை. அதற்காக ஒத்திகையை யாரும் அபசகுனம் என்று சொன்னதும் இல்லை. சம்பளம் வாங்கும் இடத்தில் இவ்வளவு கவனமாக இருக்கிற நாம், சாமி கும்பிடும் இடத்தில் கொஞ்சமாவது இருக்கலாம் அல்லவா?

நான் எழுதிக் கொடுத்த அறிவிப்பு இவ்வளவுதான். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள், இதில் மங்கலக் குறைவு எது என்று:

"பக்தர்களே, கடல் திடீரென்று வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, கடலிலிருந்து பெரிய இரைச்சல் வந்தாலோ, எச்சரிக்கைச் சங்கு ஊதினாலோ, பொருள்களை விட்டுவிட்டுக் கரையிலிருந்து விலகி உயரமான இடத்துக்குப் போங்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் முதலில் அழைத்துச் செல்லுங்கள். முதல் அலையோடு முடியாது, அனுமதி கிடைக்கும் வரை திரும்பி வராதீர்கள். தொண்டர்கள் வழி காட்டுவார்கள். அம்மன் துணை."

இதை வாசிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இதோடு இன்னும் ஒன்றும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அலை தாமதமாகத்தான் வரும். நில ஆட்டம் நமக்குத் தெரியாமலேகூடப் போகலாம். ஆகவே சுமத்ரா பக்கம் பெரிய நிலநடுக்கம் என்று செய்தி கேட்டால், கடற்கரையில் இருக்கும் சொந்தக்காரர், நண்பர், யாராக இருந்தாலும் உடனே ஒரு போன் போடுங்கள். வீண் அழைப்பாகப் போனால் போகட்டும், சிரித்துக்கொள்ளலாம்.

அந்தப் பெண் பிள்ளைக்கு வேனில் வரும்போதுதான் பதில் சொன்னேன். ஆமாம்மா, நம்ம ஊர்லயும்தான் நடந்தது என்று ஆரம்பித்து, மேலே எழுதியதை எல்லாம் சொன்னேன், என் போன் கதை உட்பட. மற்ற பிள்ளைகளும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். இறங்கும்போது அது கேட்டது: "அப்போ மாசி மகத்துக்கு யாரு மாமா கடலப் பாத்துக்கிட்டு நிப்பாங்க?"

இந்த வருஷம் நான் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தீர்த்தவாரி பார்க்க முடியாது, பரவாயில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்கிறேன். என்னோடு நிற்க இன்னும் ஒருவர் வேண்டும். நல்ல குரல் உள்ளவராக இருந்தால் நல்லது. முன்வருகிறவர்கள் ஆலய அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு முடிந்தவர்கள் வாருங்கள், பெரியவரிடம் மரியாதையோடு பேசிப் பார்ப்போம்.

கெடா பக்கம் போகிறவர்கள் அந்தக் காட்சிக்கூடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளோடு போய் வாருங்கள். அந்தப் படகுகளைக் காட்டி, நடந்ததை உங்கள் வாயால் சொல்லுங்கள்.

ஓம் சக்தி.